எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்

தோற்கிற அணிக்கு ரசிகராக இருப்பவர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. ஜெயிக்கிற அணிக்கு ரசிகராக இருக்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி போதும். எந்தச் சோம்பேறியும் அதைச் செய்துவிடலாம். தோற்கிற அணிக்கு ரசிகராக இருப்பதற்கோ உடம்பில் தெம்பு வேண்டும், தொண்டையில் பலம் வேண்டும், எதையும் மறக்காத மனசும் எதையுமே சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளாத மூளையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே, மலைக்கும் மழைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஹெப்லி என்னும் ஊரில் இந்த வகையினருக்குப் பஞ்சமே இல்லை. சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நீங்கள் அங்கே ரயிலை விட்டு இறங்கினால், காப்பிப்பொடி நிறத்தில் மஞ்சள் கோடு போட்ட மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு மேட்டுத் தெருவில் வரிசையாக ஏறிக்கொண்டிருப்பார்கள். பயப்படாதீர்கள். யாரும் சாகவில்லை. ஹெப்லி ரோவர்ஸ் ஆடப்போகிறது, அவ்வளவுதான்.

அவர்களில் ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்திப் பார்ப்போம். நெவில் என்ட்விசில். வயது அறுபத்து நான்கு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் கிழக்கு வரிசை என்று பெயர் பெற்ற பார்வையாளர் மாடத்தில், கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே, நாற்பதாண்டுகளாக ஒரே இருக்கை. இடத்தை மாற்றித் தருகிறோம் என்று கிளப்பில் மூன்று முறை கேட்டுவிட்டார்கள். மாற்றிக்கொள்வாரா? மாட்டார். ஒழுகாத இடத்தில் உட்கார்ந்தால் கூரையைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது?

நெவிலுக்கு ரோவர்ஸைப் பற்றிய அபிப்பிராயங்கள் உண்டு. அபிப்பிராயங்களுக்கு நடுவில்தான் அவர் சாப்பிடுவார், தூங்குவார், பல் விளக்குவார். கோல்கீப்பருக்குக் கண் தெரியவில்லை. தெரிந்தாலும் கை வரவில்லை. வந்தாலும் அதில் சோப்பு தடவியிருக்கிறான். இந்தக் காலத்துப் பையன்கள் குளிருகிறது என்று கையுறை போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள், முடிவெட்டிக்கொள்வதிலேயே பாதி சீசன் போய்விடுகிறது, காலில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூட்ஸ் போட்டவன் எவனும் உருப்பட்டதில்லை, மைதானத்துப் புல் முன்பு இருந்த பச்சையில் இல்லை, இடைவேளையில் விற்கிற, கறி அடைத்த ‘மீட் பை’ பலகாரத்தில் கறியைக் காணோம், பந்துகூட முன்பிருந்த அளவுக்கு உருண்டையாக இல்லை. ஆட்டக்காரன் பந்தைப் பின்னால் தட்டினால், “முன்னால அடிடா!” என்பார். முன்னால் அடித்தால், “என்னடா அவசரம், வீடு பத்திக்கிச்சா?” என்பார். மேனேஜரை மாற்ற வேண்டும் என்று ஆகஸ்டில் ஆரம்பிப்பார். நவம்பரில் மாற்றிவிட்டால், “நல்ல மனுஷன்யா, இன்னும் ஒரு ரெண்டு வருஷம் குடுத்துப் பார்த்திருக்கலாம்” என்று மூக்கைச் சிந்துவார். ஒன்பது வருஷத்தில் ஏழு மேனேஜர்கள் வந்து போனார்கள். ஏழு பேரும் வரும்போது அயோக்கியர்கள், போகும்போது மகான்கள்.

இந்த ஆட்டத்தை இனிமேல் பார்ப்பதே இல்லை என்று வருஷத்துக்கு ஒரு தடவை சத்தியம் செய்வதும் உண்டு. மே மாதம், சீசன் டிக்கெட் புதுப்பிக்கிற கடிதம் வந்ததும் அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போடுவார். அவருடைய மனைவி மாரீன் ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்து, டேப் வைத்து ஒட்டி, அடுப்படி மேஜையில் வைப்பாள். ஜூன் மாதம் அவரே போய்க் கட்டிவிட்டு வருவார்.

“யாருக்காகக் கட்டினே?” என்பாள் மாரீன்.

“கிளப்புக்கு எதிரா பேசணும்னா உள்ளே இருந்தாத்தானே பேச முடியும்?”

நியாயம்தானே?

நிகழ்காலத்தைப் பற்றி இவ்வளவு என்றால், பழங்காலம்? அங்கேதான் நெவிலின் முகமே மாறிவிடும். பழங்காலம் என்றால் நூறு வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ரோவர்ஸின் பழங்காலம் மொத்தம் ஒரு மதியம்தான். 1978, பிப்ரவரி. கோப்பைப் போட்டியில், முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த கோர்ஸ்லி சிட்டியை, நான்காம் பிரிவில் நொண்டிக்கொண்டிருந்த ரோவர்ஸ் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று கவிழ்த்த மதியம். எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் லென் டாப்பிங் அடித்த கோல். அதற்கு முன்னும் ஒன்றும் இல்லை, பின்னும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர் என்று கிளப்பின் பதிவு சொல்கிறது. அதை நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் ஹெப்லியில் மட்டும் முப்பதாயிரம் பேர். அவர்களில் சிலர் அப்போது பிறக்கவே இல்லை. இந்த முப்பதாயிரம் பேரில் தலைமைச் சாட்சி நெவில்தான். புதிதாக வந்த ஆட்டக்காரன் முதல் பாதிரியார் வரை யாராக இருந்தாலும் அவரிடம் போய் அந்தக் கோலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் சலிக்காமல் சொல்வார். “முப்பது கஜ தூரம். இடது கால். பந்து தரையைத் தொடல. அந்த கோல்கீப்பர் இன்னைக்கு வரைக்கும் அதைத் தேடிக்கிட்டு இருக்கான்.”

இவ்வளவு பெரிய ரசிகரிடம் ஒரே ஒரு சின்னப் பழக்கம் இருந்தது. எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார். ரோவர்ஸ் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் சரி, கடிகாரத்தைப் பார்ப்பார், மஃப்ளரை இறுக்குவார், “இதெல்லாம் தேறாது. கூட்டம் கிளம்பறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிக்கணும்” என்பார், வரிசையில் பதினாறு பேரின் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியேறுவார். இதில் யாரும் தப்பு கண்டுபிடித்ததில்லை. ஹெப்லியில் பாதிப் பேர் அப்படித்தான். ஆட்டத்துக்காக உயிரை விடுவார்கள். பஸ்ஸில் நிற்க மட்டும் சம்மதிக்க மாட்டார்கள்.

இப்படியாக நாற்பத்தேழு வருஷம் ஓடியது. இந்த வருஷம்தான் வினை வந்தது.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ரோவர்ஸ் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. எஸ்காம் டவுனோடு சமன் செய்தால் போதும், தப்பிக்கலாம். தோற்றால் லீக்கை விட்டே வெளியே. வெளியே போனால் மைதானத்தை யாரோ சூப்பர் மார்க்கெட் கட்டுவதற்குக் கேட்கிறார்கள் என்று பேச்சு. நெவிலின் இருக்கை இருக்கிற இடத்தில் உறைந்த பட்டாணி விற்பார்களாம். ஊரே சாப்பிடாமல் திரிந்தது.

மனசைத் தேற்றிக்கொள்வதற்காக வியாழக்கிழமை மதியம் ரசிகர் மன்றத்தார் ஒரு கூட்டம் போட்டார்கள். தேநீர், கேக், பழம்பெருமை. சிறப்பு விருந்தாளி யார் தெரியுமா? சாட்சாத் லென் டாப்பிங்தான். எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் இரும்பு, காதில் மிஷின். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் கூச்சத்தோடு மைக்கைப் பிடித்தார்.

“ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்” என்றார். “அந்தக் கோல் நான் அடிச்சதே இல்லப்பா. பூட்ஸ் லேஸ் அவுந்திருந்துச்சு. குனிஞ்சு கட்டிக்கிட்டு இருந்தேன். பின்பக்கம் சப்புனு ஒண்ணு விழுந்துச்சு. எவன்டா அடிச்சதுன்னு கோபமா திரும்பினா, எல்லாரும் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறானுங்க. சரி, ஏதோ நல்லதுதான் நடந்திருக்கும் போலன்னு நானும் கையைத் தூக்கிட்டேன்.”

மண்டபத்தில் மெதுவாக ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. நெவிலின் பக்கத்து இருக்கைக்காரர் பாரி கிளெக் எழுந்தார். குழாய் வேலை செய்கிறவர். மனைவியை இழந்து மூன்று வருஷம் ஆகிறது. மரியாதை தெரிந்த மனிதர்.

“லென், கோச்சுக்காதீங்க. நீங்க ஆடிக்கிட்டு இருந்தீங்க. நாங்கதானே பார்த்துக்கிட்டு இருந்தோம்? யாருக்குத் தெரியும்?”

“ஆமா ஆமா” என்றது மண்டபம்.

“குனிஞ்சிருந்த ஆளுக்குப் பின்னாடி நடந்தது எப்படித் தெரியும்?” என்றது இன்னொரு குரல்.

“அது சரிதான்” என்றார் லென், காது மிஷினைத் தடவிக்கொண்டு. “ஆனா விழுந்த இடம் ஒரு வாரம் வலிச்சுதே.”

“வயசாச்சுன்னா எல்லாம் குழம்பும்” என்று பாரி அன்போடு அவரை உட்காரவைத்தார். “நெவில், நீ சொல்லு அவருக்கு. உள்ளது உள்ளபடி சொல்லு.”

நெவில் சொன்னார். முப்பது கஜம், இடது கால், தரை தொடாத பந்து. சொல்லச் சொல்ல லென் டாப்பிங்கின் வாய் திறந்துகொண்டது. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் அவ்வளவு நல்லாவா ஆடினேன்?” என்று கேட்டார். இத்தனை வருஷம் தன்னையே தவறாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அந்த மனிதருக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து மாரீன் லெனுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். பெரியவர் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

“நீங்களும் அன்னிக்கு ஆட்டத்துக்கு வந்திருந்தீங்களாம்மா?”

“நானா? எனக்கும் பந்துக்கும் ஆகவே ஆகாது. ஆனா அந்த நாளை மறக்க மாட்டேன். அன்னிக்குத்தான் நெவிலைப் பார்த்தேன். மில் தெரு பஸ் ஸ்டாப்புல. நல்ல மழை. இந்த ஆளு கேட்காம கொள்ளாம என் குடைக்குள்ள வந்து நின்னுக்கிட்டு, ‘இவனுங்க தேற மாட்டானுங்க’ன்னு சொல்லிட்டுத்தான் பேரையே சொன்னாரு. நாலு முப்பத்தாறு பஸ்ல ஒண்ணாத்தான் ஏறினோம்.”

எத்தனை அழகான காதல் கதை! இதை மாரீன் கல்யாண நாளில் சொல்லியிருக்கிறாள், மகளின் கல்யாணத்தில் சொல்லியிருக்கிறாள், கேட்டவர்கள் எல்லாரும் உருகியிருக்கிறார்கள். அந்தக் கதையையும் நெவிலின் கதையையும் ஒரே நாளில் ஒரே ஆள் கேட்டதும் உண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. பாரிக்கு இன்றைக்குத் தோன்றியது. அவர் மேஜைமேல் தேக்கரண்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

“ஆட்டம் மூணு மணிக்கு. இது முதல் பாதி. இது இடைவேளை, அப்பல்லாம் பத்து நிமிஷம். இது ரெண்டாம் பாதி. கோல் விழுந்தது எண்பத்தொம்போது. அப்போ மணி நாலு முப்பத்தொம்போது.” அவர் கடைசிக் கரண்டியைப் பிடித்தபடி நெவிலைப் பார்த்தார். “நாலு முப்பத்தாறு பஸ்ல நீ எப்படிய்யா ஏறினே?”

“பஸ் லேட்டா வந்திருக்கும்” என்றார் நெவில்.

“அந்தக் காலத்துல பஸ்ஸெல்லாம் ஒரு நிமிஷம் லேட்டா வராதுன்னு போன வாரம்தானே மணிக்கணக்கா சொன்னே?”

நெவில் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தேழு வருஷத்து மரியாதை காற்றில் போய்விட்டது. சனிக்கிழமை தன் இருக்கையில் உட்கார விடுவார்களா என்பதே சந்தேகம். இனி ஹெப்லியில் எந்தப் பாதிரியார் தன்னிடம் வந்து கோலைக் கேட்பார் என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை முட்டியது. மண்டபம் கொந்தளிக்கப் போகிறது என்றுதானே நீங்களும் எதிர்பார்க்கிறீர்கள்? உங்களுக்கு இந்த வகையினரைத் தெரியவில்லை. பாரியின் முகம் மெல்ல மெல்ல வெளிச்சமாகிக்கொண்டே வந்தது.

“அப்போ... நீ போனதாலதான் கோல் விழுந்துச்சு!”

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. ஆளாளுக்குச் சான்று கொடுத்தார்கள். 1986-ல் நெவில் கிளம்பிய பிறகு ஒரு பெனால்டி கிடைத்ததே? 1999-ல் காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு எழ முடியாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தாரே, அன்றைக்கு ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றோமே? மற்றபடி வாராவாரம் எழுந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார், ரோவர்ஸும் வாராவாரம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்பீர்கள். மண்டபத்திலும் ஒரு விவரமானவர் கேட்டார். பாரியிடம் அதற்கும் பதில் இருந்தது.

“அப்பல்லாம் அவன் உடம்பு மட்டும்தானே போச்சு? பஸ்ல உட்கார்ந்து காதுல ரேடியோ வெச்சுக் கேட்டுக்கிட்டுத்தானே போனான்? மனசுல ஒரு ஓரமா நம்பிக்கை இருந்திருக்கு. எழுபத்தெட்டுல ரேடியோ இல்ல. பக்கத்துல மாரீன். அன்னிக்குத்தான் மனசார கைவிட்டுட்டுப் போனான்.”

அந்தத் தர்க்கத்தின் முன் விவரமானவரே தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது நெவில், “ஏன் மாரீன் அதைச் சொன்னே?” என்றார்.

“நாப்பத்தேழு வருஷமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நீதான் அப்போ பஸ்ல இருந்தியேன்னு.”

“எதுக்கு? நீ சொல்றப்ப உன் முகத்தைப் பார்க்க நல்லா இருந்துச்சு.”

நெவில் நின்றுவிட்டார். “சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, மாரீன். ஒரு நல்ல கோலை என் கண்ணால பார்த்துடணும். சனிக்கிழமை நான் கடைசி வரைக்கும் இருக்கப் போறேன். நீயும் வா. நான் எழுந்திரிச்சா கோட்டைப் பிடிச்சு இழு.”

சனிக்கிழமை மழை கொட்டியது. மாரீன் வாழ்க்கையில் முதல் தடவையாக மைதானத்துக்குள் நுழைந்து, ஒழுகும் கூரைக்குக் கீழே குடையை விரித்து, பின்னால் இருந்தவர்கள் கத்தியதும் மடக்கி, ஒரு பொட்டலம் புதினா மிட்டாயோடு உட்கார்ந்தாள். “நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். இடைவேளைக்குப் பிறகு, “இப்ப ஏன் பக்கம் மாறிட்டானுங்க?” என்று கேட்டாள். அறுபதாவது நிமிடத்தில் எஸ்காம் ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

எண்பதாவது நிமிடம். எண்பத்தொன்று. முன்வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பி நெவிலைப் பார்த்தது. பிறகு பத்துத் தலைகள். எண்பத்து மூன்று ஆனபோது கிழக்கு வரிசை மொத்தமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பந்து ஒருபக்கம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காவலாளி வெளிவாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“மணி ஆச்சு நெவில்” என்றார் பாரி மெதுவாக.

“இன்னைக்கு நான் இருக்கேன்.”

“டேய், விளையாடாதே.”

“நான் எங்கடா விளையாடறேன்? அவனுங்களே விளையாடல.”

மாரீன் இரண்டு கையாலும் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ தாளம் போட ஆரம்பித்தார்கள். “நெவில் வெளியே! நெவில் வெளியே!” ஏழு மேனேஜர்களையும் வெளியே போகச் சொல்லிக் கத்திய அதே ராகம். அந்த ராகத்தை அமைத்தவரே நெவில்தான். இரண்டாயிரம் பேர் அதைத் தன்னைப் பார்த்துப் பாடுகிறபோது எப்படி இருக்கும் என்று அந்த ஏழு பேரையும் நினைத்து முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் அசையவில்லை. ரோவர்ஸின் கோல்கீப்பரே அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டி, போங்கள் போங்கள் என்றான்.

பாரி கண்ணாடியைக் கழற்றினார். “நெவில், கேட்டுக்கோ. வீட்டுல யாரும் இல்ல எனக்கு. ஞாயித்துக்கிழமைலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் குழாயோடதான் பேசறேன். இந்த இடத்தையும் பட்டாணிக் கடை ஆக்கிட்டாங்கன்னா, சனிக்கிழமை நான் எங்கடா போவேன்?”

நெவில் ஆட்டத்தைப் பார்த்தார். மழையில், சேற்றில், கையுறை போட்ட அந்தப் பையன்கள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கடவுளே, எவ்வளவு ஆசையாக இருந்தது அவருக்கு! இன்னும் ஏழே நிமிடம். நாற்பத்தேழு வருஷத்துக் கடனை அடைத்துவிடலாம். அவர் மாரீனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கோட்டிலிருந்து பிரித்தெடுத்தார்.

“நீ உட்காரு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது பார்க்கணும்.”

அவர் எழுந்ததும் கிழக்கு வரிசை எழுந்து நின்று கை தட்டியது. பதினாறு பேரும் முழங்காலை மடக்கி மரியாதையாக வழிவிட்டார்கள்.

“மனசார கைவிடணும், ஞாபகம் வெச்சுக்கோ!” என்று பாரி கத்தினார். “திட்டிக்கிட்டே போ!”

“உருப்படாத பசங்க!” என்றார் நெவில். குரல் உடைந்தது.

“பத்தாது! இன்னும்!”

“தேற மாட்டானுங்க! ஒருத்தனுக்கும் பந்தும் தெரியாது, காலும் தெரியாது! நான் இனிமே வரமாட்டேன்!” கன்னத்தில் கண்ணீர் வழிய, வாய்க்கு வந்ததை எல்லாம் திட்டிக்கொண்டே அவர் வாசலைத் தாண்டினார். கதவு சாத்தப்பட்டது.

ஆனால் மனசு கேட்குமா? வெளிச்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நிமிடங்கள் போயின, உள்ளே கோல் விழவில்லை. கடைசி வரிசையில் பின்சுவரின் பலகைச் சந்து வழியாகத் தெருவை எட்டிப் பார்த்த ஒருவர் அலறினார்.

“ஐயோ, அவன் போகலைடா! சுவத்துல காதை வெச்சுக் கேட்டுக்கிட்டு நிக்கிறான்!”

கிழக்கு வரிசை மொத்தமும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. பலகைச் சந்துகளில் முகங்கள் நெருக்கியடித்தன. மற்ற வரிசைக்காரர்களும் என்னவோ ஏதோ என்று கழுத்தை நீட்டிக் கிழக்கு வரிசையையே பார்த்தார்கள். “போய்யா! ஏறுய்யா! அந்தா பஸ் வருது பாரு!” கிளப்பின் வீடியோ எடுக்கிறவர் சம்பளம் வாங்காத ரசிகர்தானே? அவரும் காமிராவைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். பன்னிரண்டாம் நம்பர் பஸ் வந்து நின்றது. நெவில் ஒருமுறை சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஏறினார். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டுத் திரும்பினால், ரோவர்ஸ் ஆட்டக்காரர்கள் எஸ்காமின் கோலுக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடந்தார்கள். பந்து வலைக்குள் இருந்தது.

அடுத்த நொடி எழுந்த சத்தத்தில் பஸ் டிரைவரே பிரேக்கை மிதித்தார்.

“என்னங்க சத்தம் அது?”

“கோல்” என்றார் நெவில். முன்சீட்டில் உட்கார்ந்து, மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதார். சந்தோஷத்தில் பாதி, பார்க்கக் கிடைக்காத ஆத்திரத்தில் பாதி.

ஆட்டம் சமன். ரோவர்ஸ் தப்பித்தது. ஆறு மணிக்கு ஒயிட் ஹார்ஸ் பப்பில் ஊரே கூடியிருந்தது. நெவில் வாங்காமலே அவர் முன்னால் பதினோரு கிளாஸ் பீர் வந்து நின்றது. ஆட்டம், பாட்டம், கட்டிப்பிடித்தல் எல்லாம் முடிந்தது. கோல் விழுந்த விதத்தை வர்ணிக்க யாராவது ஆரம்பிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை. கோலடித்த பையன் பக்கத்து மேஜையில்தான் இருந்தான். அவனிடம் கேட்டதற்கு, “கண்ணு பூரா சேறு, எனக்கு ஒண்ணும் தெரியல” என்றான். வீடியோவில் இருந்தது பன்னிரண்டாம் நம்பர் பஸ். எஸ்காமிலிருந்து வந்த இருநூறு பேர் பார்த்திருப்பார்கள்தான். எதிராளியின் சாட்சி எங்கே செல்லும்?

பாரி தொண்டையைச் செருமினார். “நெவில், நீதான் சொல்லணும்.”

நெவில் ஒரு வாய் குடித்தார். கிளாஸை மேஜையில் வைத்தார். பப்பில் இருந்த ஒவ்வொரு முகமும் அவரையே பார்த்தது.

“முப்பத்தஞ்சு கஜம்” என்றார். “வலது கால்.”

“ஆமா! வலது கால்தான்!” என்று நாலு பக்கத்திலிருந்தும் பெருமூச்சு கிளம்பியது. “அந்த கோல்கீப்பர் அசையவே இல்ல, இல்லையா?” “அசையறதாவது!” கோலடித்த பையன் எழுந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டான்.

வீட்டுக்குப் போகிற வழியில் மழை விட்டிருந்தது. நெவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “நீ ஒருத்திதான் நான் சொன்ன மாதிரி திரும்பாம ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பே. நிஜமா எப்படிப் போச்சு?”

மாரீன் புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். அந்தப் பையன் கால் வழுக்கி மல்லாந்து விழுந்ததையும், பந்து அவன் மூக்கில் பட்டு உள்ளே போனதையும் அவள் நன்றாகவே பார்த்திருந்தாள்.

“நீ சொன்னியே,” என்றாள், “அதே மாதிரிதான்.”

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். பந்துக்கும் பஸ்ஸுக்கும் முடிச்சுப் போடுகிற பைத்தியக்காரக் கூட்டம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நடக்கும்போது, யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று வீட்டையே கட்டிப்போட்டவர் யார்? மச்சான் டீ போடப் போன நேரத்தில் விக்கெட் விழுந்தது என்பதற்காக, அந்த மனிதரைத் திரும்பத் திரும்ப அடுப்படிக்கு விரட்டியவர் யார்? கடைசிப் பந்தின்போது உட்கார முடியாமல், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு பூஜையறைப் பக்கம் திரும்பி நின்றவர் யார்? திங்கட்கிழமை காலையில் ஆபீஸில், அந்த சிக்ஸர் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் போனது என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தவர், மன்னிக்க வேண்டும், நீங்கள்தானே?